கியோன் திருவிழா மாலைக்கு யுகாட்டா உடுத்தலாமா? எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஒசாகாவுக்கு வேலை மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜூலை 16 மாலை, கியோட்டோவில் கியோன் திருவிழாவில் தேர் ஊர்வலத்துக்கு முந்திய யோயியாமா இரவுக்கு அலுவலகத் தோழிகள் யுகாட்டா என்னும் பருத்திக் கிமோனோ உடுத்திக்கொண்டு போகிறார்கள். உங்களையும் கணவரையும் அப்படியே வரச் சொல்கிறார்கள். இந்தியர்கள் உடுத்தினால் தவறாக நினைப்பார்களா, எப்படிக் கட்டுவது, பொட்டும் தாலியும் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: விவரம் தெரியாமல் எதையாவது செய்து, நாலு பேர் நடுவில் சிரிப்புக்கு இடமாகிவிடுவோமோ?

ஆக மாட்டீர்கள். பார்ப்பவர்கள் திடுக்கிடும் தவறு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன், கண்டுபிடித்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது கால்விரல் இடுக்கைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் கழிப்பறை வரிசையைப் பற்றியும்தான். நான் கியோட்டோவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கிமோனோ உடுத்தும் முறையை இங்கே கிட்சுகே என்பார்கள். அதை ஒரு முதிய ஆசிரியையிடம் இரண்டு ஆண்டுகள் கற்றேன். ஒவ்வொரு ஜூலையிலும் எங்கள் குடியிருப்புப் பகுதியின் பொதுக் கூடத்தில் வெளிநாட்டு மாணவிகளுக்கு யுகாட்டா கட்டிவிடும் வேலை என்னுடையது. ஆகவே பெண்கள் உடுத்துவதைப் பற்றிக் கைப்பழக்கத்தோடு பேச முடியும். ஆண்களுக்குக் கட்டிவிட்டது குறைவு. என் கணவர் ஒருவர்தான் எனக்குக் கிடைத்த சோதனைப் பொம்மை.

யுகாட்டா என்ன மாதிரி உடை என்று தெரிந்தால் பயத்தில் பாதி போய்விடும். யுகாட்டாபிரா என்ற சொல்லின் சுருக்கம் அது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஹெயான் காலத்துப் பிரபுக்கள் நீராவிக் குளியலின்போது உடம்பில் போட்டுக்கொண்ட சணல் நார்த் துணிக்கு அந்தப் பெயர். எடோ காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடையில், பொதுக் குளியலறைகள் பெருகின. பருத்தியும் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. குளித்துவிட்டு ஈரத்தை உறிஞ்சப் போட்டுக்கொண்ட பருத்தி அங்கியோடு ஜனங்கள் காற்று வாங்கத் தெருவில் இறங்கினார்கள். குளித்து முடித்துத் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே தெருமுனைவரை நடந்து போனது போலத்தான். பட்டுக் கிமோனோவுக்குரிய உள்ளங்கியும் வெள்ளைக் காலுறையும் இதற்குத் தேவையில்லை. ஜப்பானிய மரபு உடைகளிலேயே அதிகம் தளர்வானது, அதிகம் மன்னிப்பது இதுதான்.

அந்நியர் உடுத்தலாமா என்ற சர்ச்சையை நீங்கள் இணையத்தில் படித்திருப்பீர்கள். 2015-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், மோனே வரைந்த ஓர் ஓவியத்தின் முன்னால் பார்வையாளர்கள் கிமோனோ போட்டுப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் போட்டுப் பார்ப்பதை நிறுத்தினார்கள். அந்த எதிர்ப்பாளர்களுக்கு எதிராக, கிமோனோ உடுத்தியே வந்து நின்ற ஜப்பானியர்களும் உண்டு. அந்த விவாதம் அமெரிக்காவின் இனவரலாற்றோடு பிணைந்தது. அதை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கியோட்டோ தெருவில் நிலைமை வேறு. இங்கே துணி நெய்பவரும் சாயம் போடுபவரும் வாடகைக்கு விடுபவரும், உடுத்துவோர் குறைகிறார்களே என்றுதான் கவலைப்படுகிறார்கள். உங்களைத் தோழிகளே கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குமேல் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

யுகாட்டா பொருந்தாத இடங்களும் உண்டு. திருமணத்துக்கோ, முறையான தேநீர்ச் சடங்குக்கோ அதை உடுத்திப் போகக் கூடாது. விடுதியில் படுக்கையின்மேல் மடித்து வைத்திருக்கும் மெல்லிய யுகாட்டாவோடு நகரத்துத் தெருவில் நடக்கவும் கூடாது. அது இரவுடை போல. வெந்நீர் ஊற்று ஊர்களில் மட்டும் விலக்கு. அப்படிப்பட்ட கினோசாக்கி ஏழு பொதுக் குளியலறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். விடுதி யுகாட்டாவோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடப்பதுதான் அந்த ஊரின் அழகே.

போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன், தமிழர்களுக்குப் பிடிக்கும். எடோ காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்களில் இங்கே வந்திறங்கிய இந்தியப் பருத்தித் துணிகளில், மெல்லிய நூலில் கோடு போட்ட ஒரு வகைக்கு சான்டோமே என்று பெயர். நம் சென்னை சாந்தோம்தான் அது. சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி. பிற்காலத்தில் டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள கவகோயேயில் அதைப் பார்த்து உள்ளூரிலேயே நெய்யத் தொடங்கினார்கள். இதை வைத்து யுகாட்டா நம் துணி என்று கதை கட்டிவிட வேண்டாம். ஆனால் கடையில் கோடு போட்ட பருத்தியைப் பார்த்து ஏதோ தெரிந்த முகம் போலத் தோன்றினால், அந்தத் தோற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இனி, அந்த ஒரே தவறு. உங்கள் வலப்பக்கத் துணி முதலில் உடம்போடு ஒட்ட வேண்டும். இடப்பக்கத் துணி அதன்மேல் வர வேண்டும். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் இதே முறை. 719-ஆம் ஆண்டில் அரசாணையாகவே வந்த வழக்கம் இது. இதை மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும். சவத்துக்கு உடுத்தும் அந்த முறைக்கு ஹிதாரிமாயே என்று பெயர். ஒரு குடும்பமோ வியாபாரமோ நொடித்துப்போவதைச் சொல்லவும் இங்கே அதே சொல்தான். சரியான முறைக்கு மிகிமாயே, அதாவது 'வலது முன்' என்று பெயர். இந்தப் பெயர்தான் எல்லாரையும் குழப்புகிறது. வலப்பக்கம் மேலே தெரிய வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். முன் என்பது இங்கே காலத்தால் முன்: வலதை முதலில் மடி என்று பொருள். போதாக்குறைக்கு, கடைகளில் வாங்கும் பெண்கள் சட்டைகளில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் மேலே வரும். கை அந்தப் பழக்கத்திலேயே போகும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. உங்கள் வலது கை கழுத்துப் பட்டையின் இடுக்கில் மார்புப் பக்கம் தடையில்லாமல் நுழைந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். கைபேசியின் முன்பக்கக் கேமராவை நம்பாதீர்கள். பல கைபேசிகளில் அது படத்தை இடவலம் மாற்றிக் காட்டும். நான் சரியாகக் கட்டிவிட்ட ஒரு மாணவி, தற்படத்தைப் பார்த்துப் பதறி, ரயில் நிலையக் கழிப்பறையில் எல்லாவற்றையும் அவிழ்த்து மாற்றிக் கட்டிக்கொண்டு ஊர்வலத் தேர்களைப் பார்க்கப் போனாள். வழியில் ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய் மறுபடி சரிசெய்தாராம். பாட்டி திட்டவில்லை, ஒரு மிட்டாயும் கொடுத்தாராம்.

புடவை கட்டத் தெரிந்த நமக்கு இது எளிது என்று நினைப்போம். பாதி உண்மை. நாடாவை எவ்வளவு இறுக்கினால் நாள் முழுக்க நிற்கும் என்பது நம் கைக்குத் தெரியும். பாவாடை நாடா கற்றுக்கொடுத்த பாடம் அது. மீதிப் பாதியில்தான் சறுக்குவோம். புடவை இடுப்பின் வளைவைக் காட்டும் உடை. யுகாட்டா அதை மறைக்கும் உடை. தோளிலிருந்து கணுக்கால்வரை நேரே இறங்கும் உருளைபோல உடம்பு தெரிய வேண்டும். அதனால் கட்டுவதற்கு முன் இடுப்புக் குழிவில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். வியர்வையையும் அதுவே குடிக்கும். அடியில் வெளிர் நிறப் பருத்தி உள்ளாடையோ யுகாட்டாவுக்கென்று விற்கும் சிம்மீஸோ போதும். தலைவாரி முடித்த பிறகே உடுத்தத் தொடங்குங்கள். கட்டிய பிறகு கையைத் தூக்கிக் கொண்டை போட்டால் மார்பில் துணி நெகிழ்ந்துவிடும்.

பெண்களுக்கான யுகாட்டாவின் நீளம் ஏறக்குறைய உங்கள் உயரம்தான். பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மிச்சம் இடுப்பில் மடிந்துவிடும். முதுகுத் தையல் நடுவில் நிற்கும்படி போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டையின் இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து, கீழ்விளிம்பு கணுக்கால் எலும்பைத் தொடும் உயரத்துக்குத் தூக்குங்கள். முதலில் இடப்பக்கத் துணியைச் சுற்றிப் பார்த்து, அதன் ஓரம் வலது இடுப்பின் பக்கவாட்டில் நிற்கிறதா என்று அளவு எடுங்கள். பிறகு அதைத் திறந்து, வலப்பக்கத் துணியை இடது இடுப்புக்குக் கொண்டுபோய், அதன் கீழ்முனையை ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள். நடக்கும்போது காலில் தட்டாது. அதன்மேல் இடப்பக்கத் துணியைப் போட்டு இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே முதல் நாடாவைக் கட்டுங்கள். இந்த நாடா ஒன்றுதான் முழு எடையையும் தாங்குகிறது. இதை மட்டும் இறுக்கமாகக் கட்டுங்கள். மற்ற எல்லாம் மென்மையாக இருக்கலாம். வயிற்றின் மேல் கட்டினால் அரைமணி நேரத்தில் மூச்சு முட்டும்.

அடுத்து, அக்குளுக்குக் கீழே இருக்கும் திறப்புகள் வழியே இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, நாடாவுக்கு மேலே தொங்கும் துணியை முன்னும் பின்னும் தட்டிச் சீராக்குங்கள். அந்தத் திறப்பைக் கிழிசல் என்று நினைத்து ஊசி நூலோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நாடாவுக்குக் கீழே விழும் மடிப்புக்கு ஓஹாஷோரி என்று பெயர். பிடரியில் கழுத்துப் பட்டையை ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்குப் பின்னால் இழுத்துவிடுங்கள். அழகுக்காக என்பார்கள், ஜூலை வெயிலில் அது காற்றுவாசலும்கூட. முன்னால் பட்டைகள் தொண்டைக்குழியில் சந்திக்கட்டும். மார்புக்குக் கீழே இரண்டாவது நாடா. பின் குத்தி நிறுத்தலாமா என்று நம்மவர்கள் அத்தனை பேரும் கேட்கிறார்கள். வேண்டாம்; வாடகைத் துணியில் ஓட்டை விழும். நாடாக்கள் சரியாக நின்றால் பின்னுக்கு வேலையே இல்லை.

ஓபி என்னும் கச்சை யுகாட்டாவுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம், மூன்றரை முதல் நான்கு மீட்டர் நீளம். இரண்டு சுற்றுச் சுற்றி முன்பக்கமே முடிச்சைப் போடுங்கள். தொடங்குபவர்களுக்குப் பட்டாம்பூச்சி போன்ற புன்கோ முடிச்சு போதும். போட்ட பிறகு முழுவதையும் உங்கள் வலப்பக்கமாக நகர்த்தி முதுகுக்குக் கொண்டுபோங்கள். இடப்பக்கமாகத் திருப்பினால் முன்துணி மடிந்திருக்கும் திசைக்கு எதிராக இழுபட்டு எல்லாம் அவிழும். முடிச்சு வரவே இல்லையென்றால் முன்பே முடிச்சுப் போட்டுத் தைத்த ஓபி கிடைக்கிறது; பின்னால் செருகிக்கொள்வதுதான் வேலை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என் ஆசிரியையின் மகளே அதைத்தான் வைத்திருக்கிறாள். ஓபியின் முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகினால் முன்பக்கம் சுருங்காது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. சிலவற்றை இணையத்தில் சட்டம்போல எழுதுகிறார்கள். அவற்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வெள்ளைத் தளம் இரவுக்கு ஆகாது, கருநீலம்தான் ஆகும் என்பார் ஒருவர். இல்லை, இருட்டில் வெள்ளைதான் எடுப்பு என்பார் இன்னொருவர். இரண்டையும் ஆசிரியைகள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அவுரிச் சாயத்துக்குக் கொசு அண்டாது என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. நான் அவுரி யுகாட்டாவில் நன்றாகக் கடிவாங்கியிருக்கிறேன். மலர் வடிவங்களில் பருவம் பார்ப்பது உண்மையான வழக்கம்தான். பருவத்துக்குச் சற்று முந்திய பூவை உடுத்துவது நயம் என்பார்கள். ஆனால் அதைக் கவனிப்பவர் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஓபியைச் சுற்றும் திசை கிழக்கு ஜப்பானில் ஒன்று, கியோட்டோ, ஒசாகா பக்கம் எதிர்த்திசை. தோழி உங்களுக்கு நேர்மாறாகச் சுற்றினால் இருவருமே சரி. முன்பின் தெரியாதவர் உடையில் குற்றம் கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்டவர்களும் உண்டு. 'கிமோனோ போலீஸ்' என்று ஜப்பானியர்களே அவர்களைக் கேலி செய்கிறார்கள்.

பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிமோனோவோடு கழுத்தில் நகை போடுவதில்லை என்பது இங்கே பொது வழக்கம். ஆனால் தாலிச் சரடு கழுத்துப் பட்டைக்குள் மறைந்துவிடும். பிடரியில் தெரியும் துண்டு யார் கண்ணிலும் படாது. கழற்ற வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை. கனத்த வளையல்களை மட்டும் விட்டுவிடுங்கள், அகலக் கைப்பகுதியின் ஓரத்தில் சிக்கும். உள்ளே லெக்கிங்ஸ் போடலாமா என்றும் நினைப்பீர்கள். முழங்காலுக்கு மேலே முடியும் மெல்லிய பருத்தி வகை என்றால் தாராளமாகப் போடுங்கள், தொடை உரசாது. கணுக்கால்வரை வருவது வேண்டாம். படியேறும்போது தெரியும் என்பது ஒரு காரணம். வேர்த்துக் கொட்டும் என்பது பெரிய காரணம்.

கணவருக்கு விஷயம் சுலபம், அளவு மட்டும் கறார். ஆண்கள் யுகாட்டாவில் இடுப்பு மடிப்பு கிடையாது. துணி நேராகக் கணுக்காலில் முடிய வேண்டும். நீளம் கூடினாலும் குறைந்தாலும் மறைக்க வழியில்லை. அதனால் வாடகைக் கடையில் அவரையும் அழைத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். ஓபி குறுகலானது, பத்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். அதை வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பின்மேல், முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் கட்ட வேண்டும். நம்மூர் ஆண்கள் வேட்டியை அனிச்சையாகத் தொப்புளுக்கு ஏற்றிக் கட்டுவார்கள்; அப்படிக் கட்டினால் சின்னப் பையன் உடைபோலத் தெரியும். கொஞ்சம் தொப்பை இருந்தால் நல்லது. ஒல்லியானவர்கள்தான் இங்கே துண்டு வைத்துக் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

இப்போது காலுக்கு வருவோம், ஏனென்றால் மாலை கெடுவது இங்கேதான். கெட்டா என்னும் மர மிதியடிக்கு இடது வலது வேறுபாடு இல்லை. வாரை விரலிடுக்கின் அடிவரை இழுத்து மாட்டாதீர்கள். சற்று இடைவெளி இருக்கட்டும். குதிகால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுதான் சரியான அளவு, சிறியதை வாங்கிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். வாங்கிய அன்றே வாரைக் கையால் மேல்நோக்கி இழுத்துத் தளர்த்துங்கள். இரண்டு மூன்று மாலை வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். திருவிழாவன்று புறப்படும் முன்பே விரலிடுக்கில் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை. இவ்வளவும் வேண்டாமென்றால் தட்டையான செருப்பில் வாருங்கள். யோயியாமா என்பது நின்று பார்க்கும் விழா அல்ல. 15, 16 தேதிகளில் மாலை 6 மணிக்கு மேல் ஷிஜோ, கராசுமா தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். விளக்கேற்றிய தேர் ஒவ்வொன்றையும் தேடிச் சந்து சந்தாக மூன்று மணி நேரமாவது நடப்பீர்கள்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். சுருக்குப்பையில் துணி உலர்த்தும் கிளிப் நான்கு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் மேல்துணி, அடித்துணி, உள்ளாடை என்று ஒவ்வொன்றாக விளிம்பைத் தூக்கி ஓபியோடு சேர்த்துக் கிளிப் மாட்டுங்கள். கைப்பகுதிகள் இரண்டையும் முன்னால் கொண்டுவந்து ஒன்றாகக் கிளிப் போடுங்கள். வெளியே வருமுன் பின்பக்கம் துணி ஓபியில் சிக்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். தெருவில் வரிசை நீளமாக இருக்கும். ரயில் ஏறும் முன்பே முடித்துக்கொள்வது உத்தமம். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஜூலை நடுவில் கியோட்டோ மலைகளுக்கு நடுவே வெந்துகொண்டிருக்கும், ஓபியும் துண்டும் சேர்ந்து வயிற்றைச் சுற்றிக் கம்பளி கட்டியது போலத்தான். உப்புச் சேர்ந்த பானம் ஒன்று கையில் இருக்கட்டும். கைக்குட்டையில் சுற்றிய சிறு குளிர்பொதியை ஓபியின் பின்புறம் செருகினால் ஒரு மணி நேரம் தாங்கும். தலை கிறுகிறுத்தால் அழகைப் பார்க்காமல் ஓபியைத் தளர்த்திவிட்டு நிழலில் உட்காருங்கள். கருவுற்றவர்களும் மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கட்டட்டும். அதில் என் கைப்பழக்கம் செல்லாது.

ரயிலில் இருக்கை கிடைத்தால் சாய்ந்து உட்காராதீர்கள், முடிச்சு நசுங்கும். படியேறும்போது வலது கையால் முன்துணியை லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். உணவுக் கடையில் கை நீட்டும்போது மற்றக் கையால் துணியின் கைப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோயா சாஸ் கறை போவது கடினம்.

தேர்களுக்குப் பக்கத்தில் குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டே, மூங்கிலிலையைக் கூம்புபோல் சுருட்டிக் கட்டிய சிமாகி விற்பார்கள். 869-இல் கொள்ளைநோய் நீங்க வேண்டித் தொடங்கியதாகச் சொல்லப்படும் திருவிழா இது. அந்தச் சிமாகியை நோய் அண்டாமலிருக்க ஓராண்டு முழுக்க வாசலில் மாட்டிவைப்பார்கள். சிமாகி என்ற பெயரில் இலையில் சுற்றிய அரிசித் தின்பண்டமும் உண்டு என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். இது அதுவல்ல. ஒன்று வாங்குங்கள், பிரித்துப் பார்க்காதீர்கள், உள்ளே சாப்பிட ஒன்றுமில்லை. முதல் வருடம் நான் பிரித்தேன்.